விற்றதும் வைத்துக்கொண்டதும்

2019 மே மாதம் சிகாகோவில் நடந்த ஹெரிடேஜ் ஏலத்தில், ஃபிராங்க் ஃபிரசெட்டா வரைந்த ‘எகிப்திய அரசி’ என்ற எண்ணெய் வண்ண ஓவியம் 54 லட்சம் டாலருக்கு விலைபோனது. 1969இல் ‘ஈரி’ என்ற திகில் சித்திரக்கதை இதழின் அட்டைக்காக வரையப்பட்ட படம் அது. அந்த ஏலத்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, அவருடைய ‘டெத் டீலர்’ வரிசையின் ஆறாவது ஓவியம் 60 லட்சம் டாலரைத் தொட்டது. மலிவு விலை நாவல்களுக்கும் சில்லறை இதழ்களுக்கும் அட்டை வரைந்தவரின் படங்களுக்கு இவ்வளவு விலையா என்று வியந்தவர்கள், திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று அதைப் பாராட்டினார்கள். திறமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால், அதே காலத்தில் அமெரிக்கப் பதிப்பகங்களுக்கு அட்டை வரைந்த பலரின் மூல ஓவியங்கள் அச்சகங்களிலும் அலுவலக அலமாரிகளிலும் கிடந்து காணாமல்போயின. ஃபிரசெட்டாவோ அட்டைக்கான பணத்தை வாங்கிக்கொண்டாலும் மூல ஓவியம் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1966 முதல் லான்சர் பதிப்பகத்தின் கோனன் நாவல்களுக்கு அவர் வரைந்த அட்டைகள் புகழைக் கொண்டுவந்தன. அந்தப் புகழை வருமானமாக மாற்றியவர் அவருடைய மனைவி எல்லி. படங்களைச் சுவரொட்டிகளாக அச்சிட்டு விற்றார். யாருக்கு எந்த உரிமையைத் தருவது என்பதைத் தானே பேசி முடித்தார்.

நூல் அட்டைகளுக்கும் விளையாட்டு நிறுவனங்களுக்கும் மிகுபுனைவு ஓவியங்கள் வரைவது என் தொழில். இளம் ஓவியர்கள் தங்களுக்கு வரும் ஒப்பந்தங்களை அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. ‘ரேட் சரிதானா?’ என்பதே பெரும்பாலும் அவர்களுடைய முதல் கேள்வி. நியாயமான கேள்விதான், அரிசிக்கும் வாடகைக்கும் அந்தப் பணம் வேண்டும். ஆனால், ஒருவர் இந்தத் தொழிலில் முப்பது ஆண்டுகள் நிலைத்து நிற்பாரா என்பதை ஒரு படத்துக்கான ரேட் தீர்மானிப்பதில்லை. பணம் கைமாறிய பிறகு அந்தப் படத்தில் அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே தீர்மானிக்கிறது என்று நான் நம்புகிறேன். விளைச்சலை விற்பதும் நிலத்தை விற்பதும் ஒன்றாகாது. இந்தத் தொழில் மிக விரிவாக வளர்ந்திருக்கும் அமெரிக்காவின் அனுபவத்தைக் கொண்டு இதை விளக்கிவிட்டு, நம் நாட்டுச் சட்டம் ஓவியரை எங்கே நிறுத்தியிருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

குறிப்பிலிருந்து ஓவியம் வரை

இன்று இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற சீட்டு விளையாட்டைப் பார்த்தால் போதும். 1993இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அதை வெளியிட்டது. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் ஓவியம். வரைந்தவரின் பெயர் சீட்டின் அடியிலேயே அச்சாகிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான புதிய ஓவியங்கள் தேவைப்படுகின்றன; அவற்றில் பெரும்பங்கை உலகெங்குமுள்ள ஃப்ரீலான்ஸ் ஓவியர்கள் வரைந்து தருகிறார்கள்.

வேலை ஒரு குறிப்பிலிருந்து தொடங்குகிறது. நிகழும் இடம், சீட்டின் நிறம், நடக்கும் செயல், கண் குவிய வேண்டிய பொருள், மனநிலை ஆகியவை தலைப்பு வாரியாகச் சில வரிகளில் சொல்லப்பட்டிருக்கும். அந்தத் தொகுப்பின் கற்பனை உலகத்தை விவரிக்கும் வழிகாட்டி ஆவணமும் கூடவே வரும். அங்கே வாழும் இனத்தார் எப்படி உடுத்துவார்கள், கட்டடங்கள் எந்த வடிவில் எழும், ஆயுதங்களின் பிடி எப்படி வளைந்திருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓவியர் சின்னச் சின்ன வரைவுகளாகப் பல கோணங்களைப் போட்டுப் பார்ப்பார். தேறுவதை ஸ்கெட்ச்சாக வளர்த்துக் கலை இயக்குநருக்கு அனுப்புவார். அங்கிருந்து ஒப்புதல் வரலாம். தலையைத் திருப்புங்கள், வாளைத் தாழ்த்துங்கள் என்று திருத்தமும் வரலாம். அதெல்லாம் முடிந்த பிறகே வண்ணம். குறிப்பு வருவதற்கும் முடிந்த படத்தை ஒப்படைப்பதற்கும் இடையே சில வாரங்கள்தான் கிடைக்கும்.

வெளியில் தெரியாத உழைப்பு, இல்லாத ஒன்றை நம்பும்படி செய்வதில் இருக்கிறது. ‘டைனோடோப்பியா’ நூல்களை உருவாக்கிய ஜேம்ஸ் கர்னி, ‘இமேஜினேட்டிவ் ரியலிசம்’ என்று 2009இல் வெளியிட்ட நூலில் தன் முறையை ஒளிவுமறைவின்றி விளக்கியிருக்கிறார். விலங்கின் தலையைக் களிமண்ணில் செய்து விளக்கொளியில் வைத்து நிழல் விழும் விதத்தைப் பார்ப்பது, மனிதர்களுக்கு உடை அணிவித்து நிற்கவைத்து வரைவது, வெட்டவெளியில் உட்கார்ந்து மேகத்தையும் பாறையையும் படிப்பது என்று நீளும் முறை அது. டிராகனை யாரும் பார்த்ததில்லை. ஆனால் வௌவாலின் சிறகு எங்கே மடியும், முதலையின் தோல் எங்கே சுருங்கும் என்பதை எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அறிவார்கள். அந்த அறிவோடு ஒத்துப்போகாத டிராகன் எடுபடாது.

இத்தனைக்கும் சீட்டின் அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். அதில் படத்துக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 2 அங்குல அகலம். 12க்கு 16 அங்குலப் பலகையில் தீட்டிய ஓவியம் அந்த இடத்துக்குள் சுருங்க வேண்டும். மேசைக்கு எதிர்ப்பக்கம் அமர்ந்து, சீட்டைத் தலைகீழாகப் பார்க்கும் ஆட்டக்காரருக்கும் அது இன்ன உயிர் என்று ஒரு பார்வையில் பிடிபட வேண்டும். அதனால்தான் தேர்ந்த ஓவியர்கள் வண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே வெளிக்கோட்டு வடிவத்தையும் ஒளி, இருள் பிரிவையும் தீர்த்துவிடுகிறார்கள். கற்பனை வளம் உள்ளவர் எல்லோராலும் செய்துவிடக்கூடிய வேலை அன்று இது. ஆண்டுக்கணக்கான கைப்பயிற்சி கேட்கும் தொழில்நுட்பம்.

ஒற்றைத் தொகையின் கணக்கு

இதற்கு என்ன கிடைக்கிறது? ஒரு சீட்டு ஓவியத்துக்கு ஏறத்தாழ 1,000 டாலர் என்ற அளவை ஓவியர்கள் பலர் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார்கள். படத்துக்கேற்பவும் ஆளுக்கேற்பவும் இது கூடும், குறையும். வாரக்கணக்கில் எண்ணெய் வண்ணத்தில் உழைப்பவருக்கு அமெரிக்க வாடகையில் இது பெரிய தொகை இல்லை. விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் ஓவியர்களுக்கு விற்பனையில் பங்கு தரும் ஏற்பாடு இருந்தது. விளையாட்டு பெருகியபோது அது போய் ஒற்றைத் தொகை வந்தது. விசார்ட்ஸ் நிறுவனத்தை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2022இல் மேஜிக் விளையாட்டின் வருவாய் மட்டும் 100 கோடி டாலரைக் கடந்தது. அந்த வளர்ச்சி, முன்பே வரைந்து கொடுத்துவிட்டவரின் வங்கிக் கணக்கைத் தொடுவதில்லை.

இதற்கு அடிப்படை அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஊழியர் தன் பணியின் பகுதியாகப் படைப்பது முதலாளிக்குச் சொந்தம் என்று அது சொல்கிறது. ஊழியரல்லாத ஒருவரிடம் கேட்டு வாங்கும் படைப்பையும், சட்டம் பட்டியலிட்டுள்ள வகைகளில் ஒன்றாக இருந்து, எழுத்து மூலம் இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தால், அதே கணக்கில் வைக்கலாம். அப்படிக் கையெழுத்திட்டுவிட்டால், சட்டத்தின் பார்வையில் ஆசிரியர் என்பவரே நிறுவனம்தான். சாதாரணமாக உரிமையை எழுதிக்கொடுத்தவர் 35 ஆண்டுகளுக்குப் பிறகு அதைத் திரும்பக் கேட்க அந்தச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. இந்த வகையில் கையெழுத்திட்டவருக்கு அந்த வழியும் அடைக்கப்படுகிறது.

நிறுவனத்தின் தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அந்தக் கற்பனை உலகம் ஓவியர் உருவாக்கியதன்று. பல எழுத்தாளர்களும் வடிவமைப்பாளர்களும் சேர்ந்து கட்டியது; தோற்றால் நட்டம் முழுவதும் நிறுவனத்துக்கு. ஒரு கதாபாத்திரத்தை ஐம்பது பேர் வரைந்து, ஐம்பது பேரிடமும் உரிமை தங்கினால், அதைத் திரைப்படத்துக்கோ மறுபதிப்புக்கோ எடுத்துச் செல்வது நடைமுறையில் இயலாது. எனவே உலகத்தின் உரிமை ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். அதற்கு எந்த அளவு உரிமை போதும், எது மிகை என்பதில்தான் எனக்குக் கேள்வி. மேஜிக் ஒப்பந்தங்கள் இந்த இடத்தில் எதிர்பாராத நல்ல பாடம் ஒன்றைத் தருகின்றன.

மிஞ்சியதே பிழைப்பு

பதிப்புரிமை நிறுவனத்துக்குப் போனாலும், கையால் தீட்டிய மூல ஓவியம் ஓவியருக்கே சொந்தமாக இருக்கிறது. அச்சான சீட்டின் மாதிரிப் பிரதிகளும் அவருக்கு வருகின்றன. முன்பக்கம் வழக்கமான சீட்டு. பின்பக்கம் விளையாட்டின் முத்திரை இல்லாமல் வெறும் வெள்ளை. ஒரு சீட்டுக்கு ஐம்பது பிரதி என்பது நெடுங்கால வழக்கம். அந்த வெள்ளைப் பரப்பில் ஓவியர் பேனாவால் ஒரு சிறு சித்திரம் வரைந்து கையெழுத்திட்டு விற்கிறார். சேகரிப்பாளருக்கு அது உலகில் வேறெவரிடமும் இல்லாத பொருள். நிபந்தனைகளுக்கு உட்பட்டு, படத்தின் பிரிண்ட்டுகளையும் ஆட்டத்துக்கு விரிக்கும் மேசை விரிப்புகளையும் அவர் விற்கலாம். விளையாட்டு விழாக்களில் ஓவியர்களின் மேசைக்கு முன்னால் நிற்கும் வரிசை இவற்றுக்காகத்தான். ரசிகர்கள் தங்கள் சீட்டுகளை உறைகளிலிருந்து எடுத்து வைக்கிறார்கள். ஓவியர் ஒவ்வொன்றாகக் கையெழுத்திட்டுக் காசு வாங்குகிறார்.

பெயர்பெற்ற சீட்டு என்றால், மூல ஓவியம் அதற்குக் கிடைத்த கூலியைப் போலப் பல மடங்குக்கு விற்கும். கணினியில் வரைவது வேகமானது, திருத்த எளிது, அனுப்பச் செலவில்லை. இருந்தும் இந்தத் துறையில் எண்ணெய் வண்ணத்தைக் கைவிடாதவர்களும் அதற்குத் திரும்பியவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். கலைப் பற்று ஒரு காரணம்; விற்பதற்கு ஒரு பொருள் கையில் இருக்கிறது என்பது இன்னொரு காரணம். கணினிக் கோப்பில் வரைந்தவருக்கு மூலம் என்று தனியாக எதுவும் இல்லை. அவருக்கு மிஞ்சுவது பிரிண்ட், கையெழுத்து, பெயர் ஆகியவை மட்டுமே.

இந்த மூலங்களுக்கென்று வளர்ந்த சந்தையும் கவனிக்கத்தக்கது. உலக அறிவியல் புனைகதை மாநாடான வேர்ல்ட்கானின் ஓவியக் காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு தாள் தொங்கும். வாங்க விரும்புபவர் தன் விலையை அதில் எழுதுவார், அடுத்தவர் அதற்கு மேல் எழுதுவார், போட்டி கூடினால் படம் வாய்மொழி ஏலத்துக்குப் போகும். 2008இல் பென்சில்வேனியாவின் ஆல்டூனாவில் தொடங்கப்பட்ட இலக்ஸ்கான், கையால் தீட்டிய மிகுபுனைவு மூல ஓவியங்களை மையமாகக் கொண்டே நடத்தப்படும் காட்சி. 2009இல் வந்த கிக்ஸ்டார்ட்டரும் 2013இல் வந்த பேட்ரியனும் இடைத்தரகர் இல்லாமல் வாசகரிடம் நேரடியாகப் பணம் பெறும் வழியைத் திறந்தன. ஓவியத் தொகுப்பு நூல், டாரட் சீட்டுக் கட்டு, மாதச் சந்தா செலுத்துவோருக்கு வரைமுறைப் பாடம் என்று பலரும் அவற்றில் கால் ஊன்றினார்கள்.

எல்லாவற்றையும்விட வலுவானது தன் சொந்த உலகத்தை வைத்திருப்பது. யாரும் கேட்காமலே கர்னி வரைந்த ‘டைனோசர் அணிவகுப்பு’, ‘அருவி நகரம்’ ஆகிய ஓவியங்கள் முதலில் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையிலான பிரிண்ட்டுகளாக விற்றன. பதிப்பாளர் இயன் பாலன்டைன் கொடுத்த ஊக்கத்தில் அவை நூலாக வளர்ந்து 1992இல் ‘டைனோடோப்பியா’ வந்தது. பிறர் தந்த வேலைக்கு நடுவே தனக்காக வரைந்த இரண்டு படங்கள் ஒருவரின் வாழ்நாள் தொழிலுக்கு அடித்தளமாயின. மாத வேலையில் ஒரு பங்கு நேரத்தை யாரும் கேட்காத படத்துக்கு ஒதுக்குங்கள் என்று இளையவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு. மூலத்தையும் பிரிண்ட்டையும் விற்றுப் பிழைப்பது எல்லோருக்கும் கைகூடுவதில்லை. படத்தைச் சட்டமிட்டுக் கட்டி அனுப்புவது, வரிக் கணக்கு, விழா மேசைக்கான கட்டணம், பயணம், ரசிகர்களின் கடிதங்களுக்குப் பதில் என்று வரைய வேண்டிய நேரத்தின் பெரும்பகுதியை வியாபாரம் எடுத்துக்கொள்கிறது. கூச்ச சுபாவம் உள்ளவரும், குழந்தைகளை விட்டு வெளியூர் போக முடியாதவரும் திறமை இருந்தும் பின்தங்குகிறார்கள். ஃபிரசெட்டாவுக்கு எல்லி வாய்த்ததுபோல எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மேலும், மூலத்துக்கு விலை கிடைப்பதே விளையாட்டின் புகழால்தான். இதைக் காட்டிக் கூலியைத் தாழ்த்தி வைப்பது நிறுவனங்களுக்கு வசதியாகவும் அமைந்துவிடுகிறது. எனவே ‘மிஞ்சுவது இருக்கிறதே, கூலி குறைந்தால் என்ன’ என்று நான் வாதிடவில்லை. கூலியும் உயர வேண்டும். ஆனால் கூலி உயர்ந்தாலும் அது ஒருமுறை வருவது. மிஞ்சுவது திரும்பத் திரும்ப வருவது.

மறுவிற்பனையின் நியாயம்

கிறிஸ்டோஃபர் ரஷ் வரைந்த ‘பிளாக் லோட்டஸ்’ சீட்டு ஒன்று 2021 ஜனவரியில் 5,11,100 டாலருக்கு விற்றது. அதன் உறையில் அவருடைய கையெழுத்து இருந்ததும் விலைக்கு ஒரு காரணம். ரஷ் 2016இல் மறைந்துவிட்டார். 2023இல், ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சிடப்பட்ட ‘தி ஒன் ரிங்’ சீட்டைப் பாடகர் போஸ்ட் மலோன் சுமார் 20 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதாகச் செய்தி வந்தது. அதன் ஓவியத்தை வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த மார்த்தா நாயெல். இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் ஓவியருக்குப் பங்கு எங்கே என்ற கேள்வி எழுகிறது. அச்சிட்ட சீட்டின் மறுவிற்பனையில் பங்கு கேட்பது சட்டப்படி கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது சந்தையில் வாங்கிய பொருள், வாங்கியவருக்கு அதை விற்கும் சுதந்திரம் உண்டு. ஆனால் மூல ஓவியத்தின் கதை வேறு. பிரான்ஸ் 1920லேயே மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் பின்னர் அதைப் பின்பற்றின. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 1976இல் இயற்றிய இதேபோன்ற சட்டத்தை 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெருமளவு செல்லாததாக்கியது. எனவே அமெரிக்க ஓவியருக்கு ஒரே பாதுகாப்பு, மூலத்தை அவசரப்பட்டு விற்காமல் வைத்திருப்பதுதான்.

பெயரையும் பறிக்கும் இயந்திரம்

மூல ஓவியம் இல்லாதவருக்கும் பெயர் மிஞ்சும் என்றேன். 2022க்குப் பிறகு அதற்கும் உத்தரவாதம் இல்லை. போலந்தைச் சேர்ந்த கிரெக் ருட்கோவ்ஸ்கி மேஜிக், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆகிய விளையாட்டுகளுக்கு வரைந்தவர். படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் அவருடைய பெயரைச் சொல்லி, அவருடைய பாணியில் படம் கேட்டவை ஏறத்தாழ 93,000 என்று 2022 செப்டம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ எழுதியது. இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் அவர் வரையாத படங்கள் வந்து நின்றன. 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஒர்ட்டிஸ் ஆகிய மூன்று ஓவியர்கள் கலிஃபோர்னியாவில், இத்தகைய கருவிகளை வழங்கும் ஸ்டெபிலிட்டி ஏஐ உள்ளிட்ட நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். ருட்கோவ்ஸ்கியும் பின்னர் இணைந்தார். பதிப்புரிமை மீறல் குறித்த முக்கியக் குற்றச்சாட்டுகள் விசாரணைக்கு உரியவை என்று 2024 ஆகஸ்ட்டில் நீதிபதி வில்லியம் ஓரிக் தீர்ப்பளித்தார்.

இங்கும் நிதானம் வேண்டும். பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது, இருக்கவும் கூடாது. ஃபிரசெட்டாவைப் பார்த்து வரையப் பழகாத மிகுபுனைவு ஓவியர் அரிது. கற்றுக்கொள்வது குற்றமானால் கலையே நின்றுவிடும். ஆனால், ஓர் இளைஞர் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகித் தன் கையைக் கண்டடைவதும், ஒரு நிறுவனம் கோடிக்கணக்கான படங்களை அனுமதியின்றி நகலெடுத்து, ஓவியரின் பெயரையே கட்டளைச் சொல்லாக்கி விற்பதும் ஒரே செயலாகிவிடாது. இயந்திரம் மட்டும் உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமைப் பதிவு தர முடியாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் சொல்லிவருகிறது. விசார்ட்ஸ் நிறுவனமும் தன் ஓவியர்கள் முடிந்த படங்களில் இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. அப்படி அறிவித்த சில வாரங்களில், 2024 ஜனவரியில், அதன் விளம்பரப் படம் ஒன்றில் இயந்திரம் உருவாக்கிய பகுதிகள் இருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். முதலில் மறுத்த நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. ஓவியருக்கு உரிமை எழுத்தில் இருக்க வேண்டும், நல்லெண்ணத்தில் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் சட்டத்தின் 17ஆம் பிரிவு

இனி நம் பக்கம் வருகிறேன். அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தன், வேதாளம் ஓவியங்கள் வழியாகத்தான் நம்மில் பலர் மிகுபுனைவு ஓவியத்தை முதலில் கண்டோம். இதழில் சம்பளத்துக்கு வரைந்த தலைமுறை அது. இன்று அப்படிப்பட்ட வேலைகள் அருகிவிட்டன. நாவல் அட்டைக்கும் விளையாட்டுக்கும் வரைபவர்கள் பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ். அதிலும் கணினியில் வரைபவர்களே மிகுதி. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து வெளிநாட்டு விளையாட்டுக்குக் கோப்பாக அனுப்பிவைப்பவருக்கு மூல ஓவியம் இல்லை. இடைநிலை ஸ்டூடியோ வழியாக வேலை செய்தால் பல நேரம் பெயரும் இல்லை.

1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இவருக்கு எப்படித் துணை நிற்கிறது? 17(அ) உட்பிரிவின்படி, இதழில் ஊழியராக இருந்து வரைபவரின் படத்தை இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டும் முதலாளிக்கு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், மற்ற எல்லா உரிமையும் வரைந்தவருக்கு. 17(ஆ) உட்பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து வரையச் செய்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முழுப் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. அதாவது வாய்வார்த்தையில் வேலை நடந்தால், இதழின் சம்பள ஓவியரைவிட ஃப்ரீலான்ஸ் ஓவியர் குறைவாகப் பாதுகாக்கப்படுகிறார். சம்பளம், விடுப்பு, ஓய்வுக்கால நிதி எதுவும் இல்லாதவரிடமிருந்து உரிமையையும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. கோட்டோவியமும் கணினி ஓவியமும் இந்தப் பிரிவுக்குள் வருமா என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை நீதிமன்றம் வரை கொண்டுசெல்லும் வசதி எத்தனை ஓவியர்களுக்கு இருக்கிறது?

இதன் விளைவு அடுத்தடுத்த பிரிவுகளிலும் தொடர்கிறது. உரிமையை மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளே செல்லும் என்று 19ஆம் பிரிவு ஓவியருக்குக் கை கொடுக்கிறது. ஆனால் முதல் உரிமையே தன்னுடையதல்ல என்றானவருக்கு மாற்றிக்கொடுக்க எதுவும் இல்லை, எனவே அந்தப் பாதுகாப்பும் இல்லை. அமெரிக்காவில் இல்லாத மறுவிற்பனைப் பங்கு நம் சட்டத்தின் 53அ பிரிவில் 1994 முதல் இருக்கிறது. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தின் விலையில் 10 சதவீதம் வரை ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ பங்கு உண்டு. அதற்கும் நிபந்தனை, 17ஆம் பிரிவின்படி அவர் முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்பது. பணம் வாங்கி வரைந்தவர் அந்த வாசலிலும் நிறுத்தப்படுகிறார். 57ஆம் பிரிவு மட்டுமே அவரோடு நிற்கிறது: உரிமை யாரிடம் போனாலும், வரைந்தவர் நான் என்று சொல்லும் உரிமையையும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையையும் அது காக்கிறது.

பணம் கொடுத்தவரே உரிமையாளர் என்ற இந்த ஏற்பாடு பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது. செதுக்குப்படம், புகைப்படம், உருவப்படம் ஆகியவற்றுக்கு அங்கே அது பொருந்தியது. தன் குடும்பப் படம் கடைவீதியில் விற்கப்படுவதை யாரும் விரும்புவதில்லை என்பதால் உருவப்படத்தில் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. பிரிட்டனே 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதைக் கைவிட்டு, ஊழியரல்லாத ஓவியரே முதல் உரிமையாளர் என்று ஆக்கிவிட்டது. கடன் வாங்கிய விதியைக் கொடுத்தவர் விட்ட பிறகும் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பதிப்பாளர்களின் சிரமத்தை நான் அறிவேன். தமிழில் ஆயிரம் பிரதி விற்பதே பாடாக இருக்கும்போது, அட்டை ஓவியருக்காக வழக்கறிஞரை வைத்து ஒப்பந்தம் எழுத முடியாதுதான். அதற்கு அவசியமும் இல்லை. வேலை தரும் மின்னஞ்சலிலேயே சில வரிகள் போதும். மூல ஓவியம் வரைந்தவருக்குச் சொந்தம். பதிப்புரிமை அவரிடமே இருக்கும். இந்த நூலின் இந்தப் பதிப்புக்கும் அதன் விளம்பரத்துக்கும் பயன்படுத்தப் பதிப்பகத்துக்கு உரிமம் உண்டு. அவருடைய பெயர் நூலில் அச்சாகும். படத்தை இயந்திரப் பயிற்சிக்குக் கொடுக்கத் தனி அனுமதி வேண்டும். பாதியில் வேலையை நிறுத்தினால் அதுவரை உழைத்ததற்கு இன்ன தொகை. இரு தரப்பும் ‘சம்மதம்’ என்று பதில் எழுதிவிட்டால், 17(ஆ) கேட்கும் ‘வேறு ஒப்பந்தம்’ உருவாகிவிட்டது என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைக்கும். ஒரு கதாபாத்திர உலகத்தையே நடத்தும் நிறுவனத்துக்கு முழுப் பதிப்புரிமை தேவைப்படலாம். அப்போதும் மூல ஓவியம், பிரிண்ட் விற்கும் அனுமதி, பெயர் ஆகிய மூன்றையும் ஓவியர் கேட்டு வாங்க வேண்டும். உலகின் மிகப் பெரிய சீட்டு விளையாட்டு நிறுவனங்களில் ஒன்றே இம்மூன்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு 100 கோடி டாலர் ஈட்ட முடிகிறதென்றால், இவற்றைக் கேட்பதால் எந்தப் பதிப்பகமும் நொடித்துவிடாது.

ஓவியர்கள் செய்ய வேண்டியது அந்த மின்னஞ்சல் வராமல் தூரிகையைத் தொடாதிருப்பது. பதிப்பாளர்கள் செய்ய வேண்டியது அதைக் கேட்பதற்கு முன்பே அனுப்புவது. நாடாளுமன்றம் செய்ய வேண்டியது 17(ஆ) பிரிவிலிருந்து ஓவியத்தை நீக்குவது. தனிமனிதரின் உருவப்படத்துக்கு வேண்டுமானால் அந்தரங்கம் கருதி விலக்கு வைத்துக்கொள்ளலாம். இவை மூன்றில் முதல் இரண்டுக்குச் சட்டத் திருத்தமோ அரசாணையோ தேவையில்லை. அடுத்த அட்டைப்படத்திலிருந்தே தொடங்கலாம்.

- கட்டுரையாளர், நூல் அட்டை ஓவியர். ஓவியர்களுக்கான ஒப்பந்தங்கள் குறித்து ஆலோசனை வழங்கிவருபவர்.